கண்காணியும் கணக்கும்

2023 ஆகஸ்ட் 15 அன்று என் அம்மாவின் ஊரில் நடந்த கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டேன். அங்கன்வாடி மையம் மூன்று நாட்களாகப் பகல் பதினொரு மணிக்குப் பூட்டிக் கிடந்ததை நானே பார்த்தேன், குழந்தைகள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள், இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டேன். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த கல்லூரி ஆசிரியை நான். மேடைப் பழக்கம் உண்டு. எங்கே குரலை உயர்த்த வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். கூட்டம் கைதட்டியது. சபைக்கு வரவே தயங்கி வேப்பமரத்தடியில் தள்ளி நின்ற பெண்களும் கைதட்டினார்கள். 'மையம் முறையாகச் செயல்படாதது குறித்து உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். அன்றிரவு நான் மிக நன்றாகத் தூங்கினேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த மையத்தின் உதவியாளருக்கு மாறுதல் வந்தது. இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய ஊர். தலித் பெண், கணவர் இல்லை, வீட்டில் கண் தெரியாத மாமியார். மையத்தின் பணியாளர் அந்த மூன்று நாட்களும் வாக்காளர் பட்டியல் வேலைக்காக வீடுவீடாக அலைந்துகொண்டிருந்தார் என்பதும், மையத்துக்கான குழாயில் மூன்று வாரமாகத் தண்ணீர் வரவில்லை என்பதும், பருப்பு வேக வைக்கத் தண்ணீருக்காக உதவியாளர் தோட்டத்துக் கிணற்றுக்குக் குடத்தோடு போயிருந்தார் என்பதும், தனியாக விட்டுப்போனால் அடுப்புப் பக்கம் ஏதாவது பிள்ளை போய்விடும் என்று பயந்துதான் பிள்ளைகளை வெளியே உட்கார வைத்துக் கதவைப் பூட்டினார் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் பார்த்தது பூட்டை. பூட்டு பொய் சொல்லவில்லை. ஆனாலும் நான் சபையில் சொன்னது உண்மையாகவும் இல்லை.

அந்தக் கூட்டத்தில் குடிநீர்க் குழாய் பற்றியும் ஒரு தீர்மானம் போட்டார்கள். குழாய் பதித்த ஒப்பந்தக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே நாளில், ஒரே புத்தகத்தில், அடுத்தடுத்த பக்கங்களில் எழுதிய இரண்டு தீர்மானங்களில் ஒன்றுக்கு மட்டும் கால் முளைத்து நடந்தது ஏன் என்ற கேள்வி இரண்டு ஆண்டுகளாக என்னோடு இருக்கிறது. இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

தமிழ் படித்தவள் என்பதால் முதலில் சொல்லுக்குள் போகிறேன். 'கண்காணி' பழைய சொல். சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களைக் கண்காணி செய்தவர்கள் வருகிறார்கள். திருமூலர் அதைக் கடவுளுக்கே சூட்டியிருக்கிறார். அதே சொல்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல் ஏறி இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் போய்க் 'கங்காணி' ஆனது. கங்காணி வெளியாள் இல்லை. சொந்த ஊர்க்காரன், பல சமயம் உறவுக்காரன். முன்பணம் கொடுத்து ஆள் கூட்டிப்போனவன். வேலைக்கு வந்த ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று துரை அவனுக்குக் காசு கொடுத்தார். எனவே கொழுந்து பறிக்கும் பெண் காய்ச்சலில் படுத்தால் அவளை லயத்திலிருந்து எழுப்புவதில் கங்காணிக்கு லாபம் இருந்தது. அவன் பார்வை எப்போதும் கீழ்நோக்கியே இருந்தது. துரையின் பங்களாவை நோக்கி அவன் கண்ணை உயர்த்தியதில்லை. 'மேற்பார்வை' என்று நாம் இன்று அலுவலகங்களில் எழுதும் சொல்லிலும் அந்த உயரம் இருக்கிறது, மேலேயிருந்து பார்ப்பது.

பெண்களுக்கு இந்தப் பார்வையைப் பற்றி யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. வயதுக்கு வந்த நாள் முதல் பார்க்கப்படுகிறவர்கள் நாம். எத்தனை மணிக்குப் போனாள், எந்தப் பேருந்தில் வந்தாள், யாரோடு பேசினாள், தாவணி எங்கே இருந்தது. என் மாணவிகள் விடுதியில் கையெழுத்துப் போட வேண்டிய நேரம் மாலை ஆறரை. மாணவர் விடுதியில் அப்படி ஒரு நோட்டே இல்லை. இவ்வளவு காலம் பார்க்கப்பட்டவள் கையில் ஒருநாள் பார்க்கும் அதிகாரம் வந்தால் அவள் வேறு மாதிரி பார்ப்பாள் என்று நாம் நம்பியிருந்தோம். உள்ளாட்சியில் பெண்களுக்கு இடஒதுக்கீடு வேண்டும் என்று பேசிய ஒவ்வொரு கூட்டத்திலும் நானும் அப்படித்தான் பேசினேன். 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது, அடுத்த ஆண்டே தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், முதலில் மூன்றில் ஒரு பங்கு, 2016இல் பாதி. 2020 ஜனவரியில் பொறுப்பேற்ற தலைவர்களில் பாதிப்பேர் பெண்கள். கதவைத் திறந்தாயிற்று. உள்ளே போனவள் யாரைப் பார்ப்பாள், எப்படிப் பார்ப்பாள் என்பதை மட்டும் நாம் பேசாமல் விட்டுவிட்டோம்.

ஊராட்சித் தலைவரால் யாரைக் கேட்க முடியும் என்று எண்ணிப் பார்த்தால் விஷயம் துலங்கும். அரசியல் சட்டத்தின் பதினோராவது அட்டவணை 29 துறைகளைப் பட்டியலிடுகிறது: குடிநீர், சாலை, கல்வி, சுகாதாரம், மகளிர் குழந்தைகள் நலம், பொது விநியோகம். படிக்கப் பெரிதாக இருக்கும். ஆனால் பள்ளிக்கு வராத ஆசிரியரைத் தலைவரால் ஒன்றும் செய்ய முடியாது, அவர் கல்வித் துறை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மதியத்துக்கு மேல் இல்லாத மருத்துவர் சுகாதாரத் துறை. மின்கம்பம் மின்வாரியம். ரேஷன் கடை கூட்டுறவு. தலைவரின் கைக்கு நேரடியாக எட்டுகிறவர்கள் மிச்சம்: குப்பை அள்ளும் தூய்மைக் காவலர், மோட்டார் போட்டுத் தண்ணீர் திறந்துவிடும் டேங்க் ஆபரேட்டர், வேலைத்தளத்தில் பேர் எழுதும் பெண். ஊரில் ஆகக் குறைந்த ஊதியம் வாங்குகிறவர்கள். அங்கன்வாடி உதவியாளர் ஊராட்சியின் ஊழியர்கூட இல்லை. ஆனால் அவர் மீது ஒரு புகார் போனால் அது எங்கும் தடுக்கி விழாமல் உரிய மேசைக்குப் போய்ச் சேர்கிறது. மருத்துவர் மீதான புகாருக்கு வழியெல்லாம் பள்ளம்.

அதாவது கண்காணிப்பு என்பது தண்ணீரைப் போல. பள்ளத்தை நோக்கித்தான் ஓடும். யாராவது இறைத்தால்தான் மேலே ஏறும்.

இந்த இடத்தில் யாராவது உத்திரமேரூரைச் சொல்வார்கள், எங்கள் துறைக் கருத்தரங்கில் எப்போதும் சொல்வார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் பொறித்த குடவோலைக் கல்வெட்டுகள். அந்தச் சபையில் உட்கார, வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். பெண்ணைத் தடுக்க விதியே தேவைப்படவில்லை, அவள் அந்தப் பட்டியலின் கற்பனையிலேயே இல்லை. உழுத குடிகளும் இல்லை. உலகுக்கே மக்களாட்சியைக் கற்றுக்கொடுத்தோம் என்று இதைக் காட்டும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் அதில் ஒரு விதி என்னை நிறுத்துகிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய நெருங்கிய உறவினர்களும் மறுபடி ஓலையில் பேர் எழுதத் தகுதி இல்லாதவர்கள். அந்தச் சபை தன் கண்டிப்பையெல்லாம் உட்கார்ந்திருப்பவன் மேல் வைத்தது. ஏரியில் வண்டல் அள்ளியவன் மேல் வைக்கவில்லை. மற்ற எல்லாவற்றிலும் குறுகிய அந்தக் கூட்டத்துக்கு இருந்த இந்தச் சிறு தெளிவு 2023இல் எனக்கு இல்லை.

கேள்வி கேட்பதே நல்லது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே ஒரு அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க அருந்ததியர் பெண் ஒருவர் வந்தார். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று சாதி இந்துப் பெற்றோர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அதிகாரிகள் அந்தப் பெண்ணுக்கு மாறுதல் ஆணை கொடுத்தார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகே அது ரத்தானது. அங்கே கூடியவர்களும் தங்களை ஒரு பொதுச்சேவையைக் கேள்வி கேட்ட குடிமக்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகளின் நலன் என்ற அதே சொல், மனு என்ற அதே வடிவம், மாறுதல் என்ற அதே முடிவு. என் கேள்வியில் சாதி இல்லை என்று நான் சத்தியம் செய்யலாம். ஆனால் அந்த உதவியாளரை எங்கள் வீட்டில் பேர் சொல்லி, ஒருமையில்தான் அழைப்பார்கள். என் சித்தி வயதுள்ளவர்களும் சரி, ஆறு வயது அண்ணன் மகனும் சரி. நான் எழுந்து அவரைப் பற்றிப் பேசியபோது அந்த ஊர் எந்தக் காதால் கேட்டது என்று நான் யோசித்திருக்க வேண்டும். கைதட்டலில் எவ்வளவு எனக்கானது, எவ்வளவு அவருக்கு எதிரானது என்று இப்போது பிரித்துப் பார்க்க வழியில்லை.

அப்படியானால் ஏழைத் தொழிலாளியை யாரும் எதுவும் கேட்கக் கூடாதா? ஒரு மாணவி என்னிடம் இப்படிக் கேட்டாள், சற்றுக் கோபமாகவே. அவளுடைய ஊரில் மையத்துக்கு வந்த சத்துமாவு ஆட்டுக்கும் மாட்டுக்கும் போனதாம். 'இரக்கப்பட்டு விட்டா என் தங்கச்சிக்கு யார் மேம் சோறு போடுவா?' அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. திண்ணையில் பசியோடு உட்கார்ந்திருந்த குழந்தையின் உரிமை, உதவியாளரின் கஷ்டத்தால் இல்லாமல் போய்விடாது. கீழே இருப்பவர் செய்தால் தவறில்லை என்று சொல்வதும் அவரை ஒரு முழு மனிதராக எண்ணாததுதான். பதில் சொல்லக் கூடியவராக ஒருவரை மதித்தால்தான் அவரிடம் கேள்வி கேட்க முடியும். என் தவறு கேட்டதில் இல்லை. நான் *அவரிடம்* கேட்கவில்லை. அவரைப் பற்றி, அவர் இல்லாத சபையில், அவருக்கு மேலே இருப்பவர்களிடம் கேட்டேன். கேட்பவளுக்குக் கைதட்டலும் கேட்கப்படுகிறவளுக்கு மாறுதலும் என்று முன்பே தீர்மானமாகிவிட்ட இடத்தில் கேட்டேன்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் என் மதினி, மாமா மகனின் மனைவி. பெண்களுக்கு ஒதுக்கிய தொகுதி. மாமா மகன் நிற்க முடியாததால் அவரை நிறுத்தினார்கள். 'தலைவரம்மா வீட்டுக்காரர்' என்று மாமா மகனை ஊர் அழைக்க, அதைச் சுருக்கி 'தலைவர்' என்றே ஆக்கிவிட்டார்கள். பிறகொரு நாள் மதினியிடம் வருத்தப்பட்டேன். அவர் சொன்னார்: "எனக்கு அன்னைக்கே தெரியும், தண்ணி வரலன்னு. ஆனா நீ பேசுனதுக்கு ஊரே கைதட்டுது. படிச்ச புள்ள பேசுது, நான் எந்திரிச்சு இல்லன்னு சொன்னா என்னைய என்ன சொல்லுவாக?" அவரைத் தலைமை நாற்காலியில் உட்கார வைத்தும் பேச விடாமல் செய்தவர்களில் நானும் ஒருத்தி என்று அப்போது உறைத்தது.

பிறகு அவர் டேங்க் கதையைச் சொன்னார். 2022 கோடையில் ஊரில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் தூணில் 'தொட்டி சுத்தம் செய்த நாள்' என்று பெயிண்டில் எழுதியிருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்தத் தேதி முறையாக மாறிக்கொண்டே இருந்தது. மதினிக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஏறிப் பார்க்கிறேன் என்றார். கீழே ஆம்பளைகள் நிற்கும்போது பொம்பளை ஏணியில் ஏறுவதாவது என்று வீட்டிலும் வெளியிலும் சொன்னார்கள். மறுநாள் விடிகாலை ஐந்தரை மணிக்கு மகளின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு ஏறிவிட்டார். உள்ளே ஒரு சாண் சேறு. இறங்கிவந்து டேங்க் ஆபரேட்டரின் வீட்டுக்கு நேராகப் போனார். அந்த மனிதர் மூன்று மாதமாகப் பிளீச்சிங் பவுடரே வரவில்லை என்றார். தொட்டியைக் கழுவக் கூட ஆள் கேட்டும் கொடுக்கவில்லை என்றார். தேதியை மட்டும் மாற்றி எழுதச் சொன்னார்களாம்.

மதினி ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்ப் பில் புத்தகத்தை எடுத்தார். பிளீச்சிங் பவுடர் மூட்டை மூட்டையாக வாங்கியிருந்தார்கள். பில்லில் இருந்த கையெழுத்து அவருடையது.

"சோறு வச்சுக்கிட்டு இருக்கும்போது கொண்டாந்து நீட்டுவாரு. கையத் தொடச்சுட்டுப் போட்டுக் குடுப்பேன்" என்றார். நீட்டியவர் அவர் கணவர். தமிழ்நாட்டில் ஊராட்சியின் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவரின் ஒப்பமும் வேண்டும் என்பது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு. தலைவர் தலித் பெண்ணாக இருக்கும் ஊர்களில் துணைத் தலைவரான ஆதிக்க சாதிக்காரர் ஒப்பம் போடாமலேயே நிர்வாகத்தை முடக்குவார். மதினியின் ஊரில் இருவரும் ஒரே சாதி என்பதால் இரண்டு ஒப்பமும் வழுக்கிக்கொண்டு விழுந்திருந்தன.

அடுத்த கிராம சபையில் அவர் எழுந்து அந்தப் பில்லைப் படித்தார். இதில் உள்ள கையெழுத்து என்னுடையது, படிக்காமல் போட்டேன், இனி படித்துத்தான் போடுவேன் என்றார். அவ்வளவுதான். யாரையும் பேர் சொல்லவில்லை, சொல்லவும் தேவை இருக்கவில்லை. எட்டு மாதம் அவர் வீட்டில் அவரோடு யாரும் பேசவில்லை. சாப்பிட வா என்று பிள்ளைகள் மட்டும் கூப்பிடுவார்களாம். தொட்டியைக் கழுவினார்கள். நான் ஆகஸ்ட் கூட்டத்தில் வீரமாகப் பேசியபோது இந்தப் பெண் அந்த மௌனத்தை முடித்து வந்து அதே மேடையில் உட்கார்ந்திருந்தார், எனக்கு எதுவும் தெரியாது.

இதைக் குடும்பக் கதை என்று ஒதுக்க முடியாது. மேலே நோக்கிக் கேட்டால் என்ன விலை என்பதற்கு நம் மண்ணில் சான்றுகள் உண்டு. மதுரை வில்லாபுரத்தில் குடிநீருக்காகப் போராடிய மாமன்ற உறுப்பினர் லீலாவதியை 1997 ஏப்ரல் 23 அன்று பகலில் கடைவீதியில் வெட்டிக் கொன்றார்கள். அதே ஆண்டு ஜூன் 30, மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தலைவரான தலித் பெண்ணைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த புகைப்படம் வெளியே வந்தது. தரையில் உட்கார்ந்தவர் நாற்காலியில் இருப்பவரிடம் எந்தக் கணக்கைக் கேட்பார்?

ராஜஸ்தானில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் 1994 டிசம்பரில் கோட் கிரானாவில் நடத்திய முதல் பொது விசாரணையில், பஞ்சாயத்து வேலைகளின் வருகைப் பட்டியலையும் பில்களையும் ஊர் நடுவே சத்தமாகப் படித்தார்கள். வேலைக்கே போகாதவர்கள் பேரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குப் பணம். பாலைவனத்துக் கூலிப் பெண்கள் எழுந்து நின்று என் பேர் அதில் எப்படி வந்தது என்று கேட்டார்கள். 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கும், அதே ஆண்டு வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொன்ன சமூகத் தணிக்கைக்கும் வேர் அங்கே இருக்கிறது. அங்கே முதலில் பார்த்தது காகிதத்தை, பிறகுதான் ஆளை. காகிதம் எப்போதும் மேலிருந்து வருவது, அதன் நுனியைப் பிடித்தால் கை மேலே போகும். நான் நுனியைப் பிடிக்காமல் ஆளைப் பிடித்தேன். எழுத்தறிவில்லாத மதினியின் மாமியார்கூட, 'பில்லு எங்கடி?' என்றுதான் முதலில் கேட்டிருப்பார்.

மதினியின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர் பொறுப்பேற்றார். 2016க்குப் பிறகும் மூன்றாண்டுகளுக்கு மேல் இப்படித்தான் இருந்தது. தனி அலுவலரைப் பார்க்க ஒன்றிய அலுவலகம் போக வேண்டும். குழாயடியில் நிறுத்தி 'என்ன தாயி, தண்ணி வரலயே' என்று கேட்க ஊரில் இப்போது யாரும் இல்லை. மதினியைக் கேட்டார்கள், திட்டினார்கள், அவர் வாசலில் காலிக் குடத்தைக் கவிழ்த்து வைத்தார்கள். அது அவருக்கு வலித்தது. இப்போது யாரும் குடத்தைக் கவிழ்ப்பதில்லை என்பது இன்னும் வலிக்கிறது என்றார்.

போன மே மாதம் நான் அந்த உதவியாளரைப் பார்க்கப் போனேன். அவர் போகிற அதே இரண்டு பேருந்தில். அக்கா என்று கூப்பிட்டேன். எங்கள் வீட்டிலிருந்து அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்பதால் அவர் திரும்பிப் பார்க்கச் சற்று நேரமானது. மன்னிப்புக் கேட்பதை அவர் விரும்பவில்லை, பேச்சை மாற்றினார். இந்த மையத்தில் தண்ணீர் வருகிறது, ஆனால் கழிவறைக்குக் கதவு இல்லை. முட்டை கணக்குக்கும் வருகிற முட்டைக்கும் பத்துக் குறைகிறது, அதை இவர் தலையில் எழுதுகிறார்கள்.

"டீச்சர், ஒரு மனு எழுதித் தாங்க. நான் சொல்லச் சொல்ல."

எழுதினேன். அவர் 'பத்து முட்டை வண்டியிலயே குறையுது' என்றார். நான் 'விநியோகத்தின்போது குறைபாடு ஏற்படுகிறது' என்று எழுதி வாசித்துக் காட்டினேன். அவர் என் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தார்.

"வண்டின்னு எழுதலயே டீச்சர். வண்டின்னு போடுங்க."

அடித்துவிட்டு வண்டி என்று எழுதினேன். வண்டி எண்ணையும் சொன்னார்.